தனி விரிப்பு

யோகா வகுப்பில் சேர வருகிறவர்களிடம் எங்கள் மேடம் கேட்கும் முதல் கேள்வி உடம்பைப் பற்றியதாக இருக்காது. "விரிச்சுப் படுக்கிற மேட்டு நீங்க கொண்டாரீங்களா, இங்கயே எடுத்துக்கிறீங்களா?" என்பதுதான். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். தலைக்குக் கீழே வைக்கப் போர்வை வேணுமா? காலைப் பிடிக்கக் கை எட்டாதவங்களுக்கு நாடா இருக்கு, வேணுமா? குனிஞ்சா தரையைத் தொட முடியாதவங்களுக்கு மரக்கட்டை இருக்கு. சாமான் வைக்க அலமாரியில தனித் தட்டு வேணும்னாலும் சொல்லுங்க.

மேடம் சின்னப் பெண், கல்யாணம் ஆகாதவள். திண்டுக்கல்லில் ஒரு மழலையர் பள்ளியின் மாடியைக் காலை வேளைக்கு மட்டும் கேட்டு வாங்கி, பெண்களுக்கென்று அந்த வகுப்பைத் தொடங்கியிருந்தாள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். எனக்கு இடுப்பு வலி. நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிற வேலை. சேரப் போன அன்று மேடம் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேண்டாமென்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். போர்வை, நாடா, கட்டை எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நின்றபோதுதான் அந்த அக்கா படியேறி வந்தார்.

கையில் ஒரு பெரிய ஒயர் கூடை. மேடம் அதே கேள்விகளை ஆரம்பித்தாள். அக்கா பாதியிலேயே நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தாயி. எல்லாம் நானே கொண்டாருவேன். கதவோரமா எடம் மட்டும் குடு."

அந்த இடத்தை அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். கூடையிலிருந்து முதலில் மடித்த ரப்பர் விரிப்பு ஒன்று வெளியே வரும். அதன்மேல் அடர் நிறத்தில் ஒரு ஜமுக்காளம், அதன்மேல் ஒரு பழைய புடவை, தலைமாட்டில் துண்டுகள். விரித்து முடித்ததும் நான்கு ஓரத்தையும் கையால் நீவி விட்டுவிட்டு நடுவில் உட்காருவார். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, மறுபடி எல்லாவற்றையும் உள்பக்கமாகச் சுருட்டிக் கூடைக்குள் வைப்பார். "அக்கா டூர் கிளம்பிட்டாக" என்று தையற்கடை வைத்திருந்த ஒரு பெண் தினமும் சொல்வாள். அக்கா காதில் வாங்கமாட்டார். "நம்ம பொருளு நம்மளோட" என்பார். அவ்வளவுதான்.

அக்கா ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். அக்காவும் விடியற்காலையில் கடைக்குப் போய் பூ மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். நல்ல உயரம், அகலமான கை. வரும்போது வாழையிலையில் மல்லிகையோ கனகாம்பரமோ மடித்துக்கொண்டு வந்து, நாங்கள் வேண்டாமென்றாலும் எங்கள் தலையில் அவரே வைத்துவிடுவார். விரல்கள் எப்போதும் ஈரமாக, பூவாசத்தோடு இருக்கும்.

அவரிடம் எனக்குப் புரியாத பழக்கம் ஒன்றிருந்தது. சிரிக்கமாட்டார். சிரிப்பு வருகிற இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முழங்கால்களை இறுக்கி ஒன்று சேர்த்து, கண்ணை மூடிக்கொள்வார். தையற்கடைப் பெண் நல்ல வாயாடி. அவள் பேச ஆரம்பித்தாலே அக்காவுக்குக் கோபம் வரும். "ஏத்தா, சும்மா இருக்க மாட்டியா? சிரிக்க வைக்காதங்கறேன்ல!" கோபம் உண்மையான கோபம். கண்ணில் பயம்கூடத் தெரியும். சிரிப்பதற்கு ஒரு மனுஷி பயப்படுவாளா என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் நான் பிந்திப் போனேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், வீட்டிலேயே நேரமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த சிலர் அன்று வந்திருந்ததால் பொது மேட்டுகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. அறையில் காலியாக இருந்தது அக்காவின் பக்கம் மட்டும்தான். ஜமுக்காளமும் அகலமானது. "அக்கா, செத்த நேரம் ஓரமா உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். என் முழங்கால் அதில் படுவதற்குள் அவர் ஜமுக்காளத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துவிட்டார்.

"வேணாம் டீச்சர். இதுல உக்காராத."

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். கை கால் என்ன செய்ததோ தெரியாது, மனசு ஆத்தூர் பக்கத்து எங்கள் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, மாதா கோயிலை ஒட்டி இருந்தது. என் அப்பா கூலி வேலைக்குப் போன வீடுகளில் அவருக்கென்று தனித் தம்ளர் உண்டு. மாட்டுக் கொட்டகைச் சுவரில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அப்பா குடித்துவிட்டுத் தானே கழுவி, தானே கவிழ்த்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். படித்து, வேலைக்குப் போய், டவுனுக்குக் குடிவந்து, எனக்கு அதெல்லாம் முடிந்துவிட்டது என்றிருந்தேன். ஒரு ஜமுக்காளம் இழுபட்டதில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது.

அன்றைக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். ரப்பர் விரிப்பு எதற்கு? நாங்கள் நடந்த தரை அவர் ஜமுக்காளத்தில் பட்டுவிடக் கூடாது என்பதற்கு. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒருத்தி, "குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல இந்தம்மா தெனமும் ஜமுக்காளம் தொவைக்குது" என்று சொன்னதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்த காலம் அது. எங்கள் தீட்டைக் கழுவத்தான் அவர் அவ்வளவு தண்ணீரைச் செலவழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். இதே அக்கா என் பாட்டிலை வாங்கி வாய் வைத்துத் தண்ணீர் குடித்திருக்கிறார், என் டிபன் டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டுத் தின்றிருக்கிறார். அவையெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் நான் கணக்கில் சேர்த்திருக்க மாட்டேன்.

பூ கொடுத்தால், "தலைவலிக்குதுக்கா, வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டேன். அவர் கொஞ்ச நாள் கையில் பூவோடு என்னைப் பார்த்தபடி நிற்பார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒரு காலையில் அக்கா வெறுங்கையோடு படியேறி வந்தார். முகம் வெளிறியிருந்தது. கூடையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டார். இறங்கி நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது.

"நான் நாளைக்கு வாரேன்" என்று வாசலிலேயே திரும்பினார்.

மேடம் விடவில்லை. "ஒரு நாளைக்கு நம்ம மேட்டுல படுங்கக்கா. என்ன ஆயிரப் போகுது?"

தையற்கடைப் பெண் சும்மா இருப்பாளா? "அவுக நம்ம மேட்டுலயெல்லாம் படுப்பாகளா மேடம்? நம்ம வேர்வ ஒட்டிக்கிறாதா?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. அக்கா எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு நீல மேட்டை எடுத்து, கதவோரமாக விரித்துப் படுத்தார்.

பவனமுக்தாசனம் என்று ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வாயு பிரிவதற்காகத்தான் அந்த ஆசனம். அன்று யாருக்கோ நிஜமாகவே பிரிந்துவிட்டது. அமைதியான அறையில் நீளமாக, ராகம் போட்டது போல. அப்புறம் தையற்கடைப் பெண்ணே, "நாந்தேன்! எனக்கு மட்டும் ஆசனம் வேலை செய்யுது மேடம்" என்றாள். அறையே சிரிப்பில் வெடித்தது. மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கனமான, ஆம்பளைத்தனமான சிரிப்பு. அக்கா சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது பாதியில் நின்றுபோனது.

வகுப்பு முடிந்து எல்லாரும் மேட்டைச் சுருட்டினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார். "அசந்துட்டாக போல" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். மேட்டுகளை அடுக்கிவைக்கும் முறை அந்த வாரம் எனக்கு. நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"எந்திரிங்கக்கா. மேட்டை எடுத்து வைக்கணும்."

என் குரலில் இருந்த கடுப்பு எனக்கே தெரிந்தது. அக்கா திரும்பவில்லை.

"நீ போ டீச்சர். நான் வச்சுக்கிறேன்."

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சுக்கா."

"போன்னு சொல்றேன்ல!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பெரிய உடம்பு குலுங்கியது. அப்போதுதான் வாடை வந்தது. புடவையின் பின்பக்கம் நனைந்து, மேட்டில் குளம் கட்டியிருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சின்னவன் பொறந்ததுலருந்து இப்படித்தேன்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "சிரிச்சா வந்துரும். தும்முனா வந்துரும். மூட்டையத் தூக்குனா வந்துரும். எங்கிட்டுப் போனாலும் ஒரு சேலை கூடப் போகணும். என் தம்பி கல்யாணத்துக்கு மெட்ராசுக்குப் போகல. அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல உக்கார முடியாதுல்ல? இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேச மாட்டேங்கறான்."

"வீட்டுல தெரியாதாக்கா?"

"யாருட்டச் சொல்ல? யோகா செஞ்சா பொம்பளைங்க நோவு எல்லாம் போயிரும்னு டிவியில சொன்னாக. இங்க வந்தா யாருட்டயும் சொல்லாமயே சரியாயிரும்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அன்னைக்கு நீ உக்கார வந்த பாரு. அன்னைக்கும் லேசா ஆயிருச்சு. கீழ நனைஞ்சிருந்துச்சு. ஒம்மேல பட்டுருமேன்னுதான் இழுத்தேன். அதுக்கப்பறம் நீ எங்கிட்டப் பேசவே இல்ல. வாடை தெரிஞ்சிருச்சு, அதான் இந்தப் புள்ள ஒதுங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவையும் அவர் சொன்ன பிறகு மறைக்க வாய் வரவில்லை.

"நான் வேற நெனச்சேன்கா. நாங்க வேற ஆளுக, அதான் ஒட்ட விடமாட்டேங்கறீகன்னு."

அவர் அழுகை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நனைந்த மேட்டில் படுத்திருந்தபோது இல்லாத ஒரு கூச்சம் அப்போது அந்த முகத்தில் வந்தது. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க வீட்டுலயும் தனித் தம்ளரு இருந்துச்சு டீச்சர்" என்றார். "நானே ஊத்திக் குடுத்திருக்கேன். இல்லேன்னு எப்படிச் சொல்ல? ஒனக்கு அப்படித் தோணுனதுல தப்பு இல்ல."

மணி அடித்துக் கீழே குழந்தைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். வண்டிச் சாவியை மறந்துவிட்டேன் என்று மேடம் மேலே ஓடி வந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள். "என்னக்கா, தண்ணி கொட்டிருச்சா?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்ல தாயி. ஒண்ணுக்குப் போயிட்டேன்."

மேடம் என்ன நினைத்தாளோ, அவள் முகம் மாறவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள். காற்றுதான் வந்தது. குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து மேட்டைக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டோம். என் புடவைக்கு மேலே போட்டிருந்த பெரிய சால்வையை அக்காவின் இடுப்பில் சுற்றிவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய்த் தலைமையாசிரியையிடம் திட்டு வாங்கினேன். காரணம் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு லேடி டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "எவ்வளவு நாளா இருக்கு?" என்றார்.

"சின்னவன் பொறந்ததுலருந்து."

"சின்னவன் என்ன பண்றான்?"

"காலேசு படிக்கிறான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கர்ப்பப்பை அடியிறங்கி, மூத்திரப்பையும் கூடவே சரிந்திருக்கிறது. வெறும் ஆசனத்தால் சரியாகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். வயிற்றில் கட்டி என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்ட அக்கா, வீட்டுக்குப் போய் உண்மையையே சொன்னார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பூக்கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லாம இம்புட்டு வருசமா மூட்டை தூக்கியிருக்கா" என்று என்னிடம் சொன்னார். வாசலில் நின்று சொன்னவர், உள்ளே வரச் சொல்லிக் கூடத்தில் உட்காரவைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. பூக்கட்டுகிற பெண்களிடம், குழாயடியில், பஸ்ஸில், எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்திலிருப்பவளிடம் கேட்டுவிடுவார். "ஒனக்கு இருமுனா வருதா? கூச்சப்படாத, எனக்கும் இருந்துச்சு." முதலில் முறைப்பவர்கள் அப்புறம் மெதுவாக நெருங்கி உட்காருவார்கள். எத்தனையோ பேரை அந்த டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். எங்களையெல்லாம் சிரிக்கவைத்த தையற்கடைப் பெண்ணும் அவரோடு டாக்டரிடம் போகிறாள் என்று ஒருநாள் கேள்விப்பட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் எனக்கு விடாத இருமல் வந்தது. இருமல் போன பிறகும் இன்னொன்று போகவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எப்போதாவது இருந்தது இப்போது அடிக்கடி வந்தது. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரிடம் போக வேண்டும் என்றும் தெரியும். ஆனால் கரும்பலகையில் எழுதும்போது தும்மல் வந்தால் புடவையை இறுக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகான பரிசோதனைக்காக அக்காவோடு மதுரைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வாடிப்பட்டி தாண்டியதும் நான் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு தும்மினேன். அவர் சட்டென்று என் முழங்காலைப் பார்த்தார்.

"டீச்சர், ஒனக்கு?"

முன் சீட்டில் ஒரு ஆள் இருந்தான். கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "ச்சே, எனக்கெல்லாம் இல்லக்கா" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திண்டுக்கல் வரும்வரை என் பக்கம் திரும்பவும் இல்லை.

சில மாதங்களில் அவர் ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகளுக்கு உடம்பு சரியில்லை, தோட்டங்காட்டு வேலைக்கு ஆள் இல்லை. நான் வகுப்பை விட்டிருந்தேன். மேடத்திடம் இடுப்பு வலி சரியாகிவிட்டது என்று சொன்னேன். குதிக்கிற பயிற்சிகளை அவள் புதிதாகத் தொடங்கியிருந்தாள், அதுதான் உண்மையான காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு நடுவே புடவை நனைந்துவிட, எழுந்து பாதியில் வீட்டுக்கு வர வேண்டியதாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"அம்மா காட்டுல இருக்காங்க. என்ன சேதிங்க?"

"சும்மாதான்மா. டீச்சர் பேசுனேன்னு சொல்லு."

இருட்டும் நேரத்தில் போன் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் போனின் ஒயர் கூடத்தைத் தாண்டாது.

"சும்மா போன் பண்ற ஆளா நீ?" என்றார் அக்கா. "சொல்லு."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"எனக்கும் இருக்குக்கா."

"ம். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேன். லீவு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல நில்லு."

போனை வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன இருக்கு ஒனக்கு?"

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். வெளியே போய் விளையாடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டும் பெண் பிள்ளைகள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.